களாவுக்கு எதற்கு முள்?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். கோடையில் புனேயிலிருந்து சிங்ஹகட் கோட்டைக்குப் போனால், வழியில் மலைக் கிராமத்துப் பெண்கள் இலைத் தொன்னையில் கருநீலப் பழம் விற்பார்கள். மராத்தியில் கர்வந்த். ‘டோங்கர்ச்சி காளி மைனா’, அதாவது மலைக் கருமைனா என்று செல்லப்பெயரும் உண்டு. வேறொன்றுமில்லை, நம் ஊர்க் களாதான்.

பழத்தைப் பிட்டுப் பாருங்கள். உள்ளே சிவப்பென்றால் சேவல், வெளுப்பென்றால் கோழி. பிடுவதற்கு முன்பே எதுவென்று சொல்வது அங்குள்ள பிள்ளைகளின் விளையாட்டு. விரலில் பிசுபிசுப்பது பால். களா, அரளிக் குடும்பம். இலையைக் கிள்ளினாலும் பால் வடியும். பழத்தில் மட்டும் அரளியின் நஞ்சு கிடையாது.

பால் போதாதென்று கணுவுக்குக் கணு இரட்டை முள் வேறு. சிலது நுனியில் கவையாகப் பிரிந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் மாடு ஏன் வாய் வைக்கப் போகிறது? மேய்ச்சலில் மொட்டையான சஹ்யாத்ரி, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் களா மட்டும் பச்சையாக நிற்பது இதனால்தான். வெட்டினாலும் அடியிலிருந்து தழைக்கும். தோட்டக்காரர்கள் இதை உயிர்வேலியாக வைத்ததும் அதற்காகத்தான்.

சமையலறையிலும் பாலைச் சமாளித்தாக வேண்டும். பச்சைக் காயை இரண்டாக அரிந்து, விதை எடுத்து, உப்புத் தண்ணீரில் போட்டுவைத்தால் பால் இறங்கிவிடும். பிறகு ஊறுகாயோ சட்னியோ உங்கள் விருப்பம். காயில் பெக்டின் அதிகம் என்பதால் ஜெல்லி தானாகவே இறுகும். பேக்கரி கேக்கின் மேல் சிவப்பாகச் ‘செர்ரி’ வைக்கிறார்களே, அது பெரும்பாலும் விதை நீக்கி, சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய்! நாட்டு வைத்தியத்தில் பசியெடுக்கவும் பித்தம் தணியவும் களாவைத் தருவது வழக்கம்.

ஆனால் முள்ளால் பெரிய லாபம் அடைவது மனிதர்கள் அல்ல, மரங்கள். பறவை எச்சத்தோடு விழுந்த விதை வெட்டவெளியில் முளைத்தால் ஆடு மேய்ந்துவிடும். களாப் புதருக்குள் முளைத்தால் ஆட்டின் வாய் எட்டாது; நிழலும் ஈரமும் கிடைக்கும். கன்று மெல்லப் புதரைத் தாண்டி உயரும். மழைக்காலத்தில் மரம் நடுவதற்காகச் சரிவில் உள்ள முட்புதரை வெட்டித் தரையைச் ‘சுத்தம்’ செய்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. வெட்டுமுன் குனிந்து புதருக்குள் ஒருமுறை பார்த்தால், நட வேண்டிய மரம் அங்கே முளைத்திருக்கக்கூடும்.