பாலர் வகுப்பு வாசலில்

விஜயதசமி நெருங்குகிறது. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன்வர, நவராத்திரிக்காகத் திருவனந்தபுரம் எழுந்தருளிவிட்டாள். அவள் திரும்புமுன் நாஞ்சில் நாட்டில் எத்தனையோ குழந்தைகள் பெரியவர் மடியிலமர்ந்து அரிசியில் எழுதத் தொடங்கிவிடும். மடியில் அழுகை குறைவு. அது பாலர் வகுப்பு வாசலுக்கென்று காத்திருக்கிறது.

உபாத்தியாயராகிய நாமே ஒரு பிழை செய்தோம். மூத்த மகன் சோறுண்ண மறுத்தபோதெல்லாம், "இரு, வாத்தியாரிடம் விட்டுவிடுகிறேன்" என்று வீட்டார் மிரட்டுவர், நாமும் சிரித்துக்கொண்டிருந்தோம். சேர்த்த அன்று அவன் நம் வேட்டியை விடவில்லை. பதினொரு நாள் அழுதான்.

ஜெர்மனியில் பிரோபெல் 1840-இல் தம் பள்ளிக்கு இட்ட பெயருக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்பது பொருள். நாமோ அதைச் சிறைச்சாலையாக்கிக் காட்டுகிறோம்!

எழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அது வகுப்பில் வரும். காற்சட்டைப் பொத்தானைத் தானே கழற்றவும், ஒன்றுக்குப் போகவேண்டுமென்று கூசாமல் கேட்கவும் பழக்குங்கள். தாயின்றி அத்தை வீட்டில் ஒரு மணி நேரம் இருக்கட்டும். தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, தாமும் ஆசிரியராயிருந்தவர், குழந்தைகளுக்காகப் பசுவையும் கிளியையும் பாடினார். அப்பாட்டுக்களை வீட்டிலேயே பாடிக்காட்டுங்கள். வகுப்பில் கேட்கும்போது தெரிந்த முகத்தைக் கண்டதுபோலிருக்கும்.

முக்கியமாக, குழந்தை பாராத சமயத்தில் நழுவி ஓடாதீர்கள். "மணியடித்ததும் வருவேன்" என்று சொல்லிச் செல்லுங்கள். மணியடிக்குமுன் போய் நில்லுங்கள்.

இளையவளை அப்படித்தான் அனுப்பினோம். மூன்றாம் நாள் வாசலிலேயே, "அப்பா, நீங்கள் போகலாம்" என்று சொல்லிவிட்டாள். சற்று நேரம் அங்கேயே நின்றவர் நாம்தாம்.