பதினாறு வயதுக்குப் பிறகு
வாவிக்கரைப் பிள்ளைகள் – 9

போன வாரம் பாடசாலைகளில் உள்ள விசேட கல்வி அலகுகளைப் பற்றிச் சொன்னேன். அங்கே ஒரு பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டு, பையைத் தூக்கி, மணியடித்தால் எழும்பி, எட்டு ஒன்பது வருடம் போய்வந்து பழகிவிடுகிறது. பிறகு வயது முடிந்தது என்கிறார்கள். அடுத்த நாள் விடிந்தால் போக இடமில்லை. செட்டிபாளையத்திலும் சரி, மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலும் சரி, தாய்மார் கேட்பது ஒன்றுதான்: "இனிப் புள்ளைய எங்க விடுற?"

இலங்கையில் ஐந்து வயது முதல் பதினாறு வரை கல்வி கட்டாயம். 2016 இல்தான் அந்த எல்லையைப் பதினான்கிலிருந்து உயர்த்தினார்கள். பதினாறு வரை பிள்ளைக்குப் பொறுப்புச் சொல்ல ஒரு பாடசாலை இருக்கிறது. பதினாறு முடிந்த அன்று அந்தப் பொறுப்பை யார் கையில் கொடுப்பது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்கு, அதாவது ஏறத்தாழ பதினாறு இலட்சம் பேருக்கு, ஏதோவொரு செயற்பாட்டுச் சிரமம் உண்டு. அவர்களில் பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் பத்துக்கு ஏழு பேர் தொழிலிலும் இல்லை, தொழில் தேடுவோர் கணக்கிலும் இல்லை. முதியவர்களும் இதில் அடக்கம் என்றாலும், இந்தக் கணக்குக்குள் நம் இளம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1988 ஆகஸ்டில் வந்த பொது நிர்வாகச் சுற்றுநிருபம் 27/88, அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் 3 வீதத்தை வலுவிழந்தோருக்கு ஒதுக்கச் சொல்கிறது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. ஆனால் அந்த 3 வீதத்துக்குள் வர உரிய தகைமை வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கே போய்ச் சேராத பிள்ளை, சைகை மொழி தெரிந்த ஆசிரியர் கிடைக்காமல் பாடத்தைப் பாதியில் விட்ட பிள்ளை, அந்தத் தகைமைக்கு எங்கே போகும்? கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படியைக் கட்டாமல் விட்டிருக்கிறோம். தனியார் துறைக்கு அந்தச் சுற்றுநிருபம் பொருந்தாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு வழி 2017 இல் திறந்தது. 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் சாதாரண தரப் பெறுபேற்றைப் பார்க்காமல் தரம் 12 இல் தொழிற் பாடங்களுக்குச் சேர்க்கிறது. தொழிலிடப் பயிற்சியும், தேசிய தொழிற் தகைமை நான்காம் மட்டத்துக்கான பாதையும் அதிலேயே உண்டு. விசேட கல்வி அலகிலிருந்து வெளிவரும் பிள்ளையை இதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை அதிபர்கள் தங்கள் வேலையாக எடுக்க வேண்டும். தாயும் தகப்பனும் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் அது நடக்காது.

தகைமைச் சான்றிதழ் எட்டாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளைத்தான் சொல்கிறேன். அவர்கள் விஷயத்தில் என் நம்பிக்கைக்குக் காரணம் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்துச் சிறுவர் வைத்தியசாலை ஒன்று. எரின் ரீல் என்ற தாதி அங்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். ஊசி, பஞ்சு, கையுறை என்று ஒவ்வொரு அறையிலும் தீரத்தீர நிரப்ப வேண்டும். அந்த வேலையில் ஆட்கள் நிலைப்பதில்லை. இங்கே சிகிச்சைக்கு வரும் இந்தப் பிள்ளைகளே வளர்ந்தபின் இதைச் செய்தால் என்ன என்று அவர் கேட்டார். 1996 இல் தொடங்கிய அந்த முயற்சிக்கு 'புரொஜெக்ட் சேர்ச்' என்று பெயர். பாடசாலையின் கடைசி வருடம் முழுவதையும் பிள்ளை வேலையிடத்திலேயே கழிக்கும். காலையில் கொஞ்ச நேரம் வகுப்பு, மிச்ச நேரம் வேலை. வருடத்துக்குள் மூன்று வெவ்வேறு பிரிவுகளில் பழகும். பக்கத்தில் ஒருவர் நின்று, வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் காட்டி, பிள்ளை பழகப் பழகத் தான் மெல்ல விலகிக்கொள்வார். இன்று பல நாடுகளில் இது நடக்கிறது.

செட்டிபாளையத்துக்குப் பக்கத்திலேயே களுவாஞ்சிக்குடியில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. துணி மடிப்பது, களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவது, நோயாளர் அட்டைகளை ஒழுங்குபடுத்துவது என்று அங்கும் வேலை உண்டு. பிரதேச சபை நூலகம், நெல் ஆலை, பேக்கரி, தையல் நிலையம் எல்லாமே இதற்குத் தோதான இடங்கள். புதிதாக ஒரு கட்டடம் கட்டி, இந்தப் பிள்ளைகளை மட்டும் அதற்குள் இருத்தி, மெழுகுதிரி செய்ய வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நன்கொடை நிற்கிற அன்று அந்தக் கட்டடத்துக்கும் பூட்டு விழுந்துவிடும்.

வேலையிடத்துக்குப் போவதற்கு முன்னால் பிள்ளை பஸ் ஏறப் பழக வேண்டும். பிரதான வீதியில் கல்முனைப் பக்கம் போகிற பஸ்ஸை அடையாளம் காண, காசு கொடுத்து மிச்சம் வாங்க, இறங்குமிடம் சொல்ல, பிந்தினால் வீட்டுக்குப் போன் எடுக்க. பதினான்கு வயதிலேயே தொடங்கினால் இரண்டு வருடத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகள் செய்துவிடுவார்கள் என்பது என் எண்ணம். பெண்பிள்ளையை அனுப்பத் தாய் பயப்படுவதில் பிழையில்லை. அந்தப் பயத்துக்குப் பதில் முதல் மாதங்களில் கூடப் போய்வர ஓர் ஆளும், வேலையிடத்தில் பூட்டக்கூடிய மலசலகூடமும்தான்.

இன்னொரு பயமும் வீடுகளில் இருக்கிறது: சம்பளம் வந்தால் வலுவிழந்தோர் கொடுப்பனவை வெட்டிவிடுவார்களோ என்று. அது குறைந்த வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் காசு என்பதால் இந்தப் பயம் நியாயமானது. வேலை நிலைக்குமா என்று தெரியாத முதல் வருடத்தில் பிள்ளையின் சம்பளத்தைக் குடும்ப வருமானத்தில் சேர்க்கக் கூடாது என்று விதி வந்தால் பல வீடுகளின் தயக்கம் போகும்.

அமெரிக்காவில் 1990 இல் வந்த சட்டம், பிள்ளைக்குப் பதினாறு ஆவதற்குள் பாடசாலைக்குப் பின்னான திட்டத்தை எழுத வேண்டும் என்றது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வகுப்பாசிரியர், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர், தாய் தகப்பன், பிள்ளை ஆகியோர் ஒரு மேசையைச் சுற்றி இருந்தால் போதும். முதலில் பிள்ளையைப் பேச விட வேண்டும். பேச்சு வராத பிள்ளை என்றால் படம் காட்டிக் கேட்கலாம்.

வேலையிடத்தில் கூட நின்று பழக்கும் அந்த ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பதுதான் எல்லாக் கூட்டத்திலும் எழும் கேள்வி. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.