60 ஆண்டு தாமதமாக வந்த இடக்கை ரைஃபிள்: சேகரிப்பாளர்கள் ஏன் தேடித் தேடி வாங்குகிறார்கள்?

இடது கைப் பழக்கம் உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரிய பட்டியலே போடுவார்கள். கத்தரிக்கோல் சரியாக வெட்டாது. கல்லூரி நாற்காலியில் எழுதும் பலகை வலப்பக்கம்தான் இருக்கும். போதாததற்கு, "சோத்துக்கையால வாங்கு" என்று வீட்டில் திட்டு வேறு.

அமெரிக்காவில் இந்தப் பட்டியலில் இன்னொரு பொருளும் உண்டு. வேட்டைத் துப்பாக்கி. தாத்தா, அப்பா வழியாக ரைஃபிள் கைமாறி வரும் குடும்பங்கள் அங்கே ஏராளம். அந்த வீட்டில் இடக்கைப் பிள்ளை பிறந்தால், தாத்தாவின் துப்பாக்கி அதன் கைக்குச் சரியாக அமையாது. இடக்கைக்காரர்களுக்கென்றே தயாரான பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களைச் சேகரிக்கும் பழக்கத்துக்குப் பின்னால் இந்தக் கதைதான் இருக்கிறது.

போல்ட் ஆக்‌ஷன் என்றால் என்ன?

கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டால் போதும். கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்தால், சுட்டு முடித்த தோட்டாவின் காலிக்கூடு வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். எளிமையானது, உறுதியானது, குறி தப்பாதது. மான் வேட்டைக்காரர்கள் இன்றும் இதை விரும்பக் காரணம் அதுதான்.

அந்தக் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் சிக்கல். வலக்கைக்காரர் துப்பாக்கியை வலது தோளில் வைத்து, இடது கையால் தாங்கிப் பிடிப்பார். விசையை இழுப்பதும் வலது கை, போல்டை இயக்குவதும் வலது கை. துப்பாக்கி தோளில் இருந்து நகராது, கண்ணும் குறியை விட்டு விலகாது.

இடக்கைக்காரர் அதே துப்பாக்கியை இடது தோளில் வைத்தால் கைப்பிடி எதிர்ப்பக்கம் போய்விடும். ஒன்று, இடது கையைத் துப்பாக்கிக்கு மேலாகத் தாண்டி நீட்ட வேண்டும். அல்லது, தாங்கிப் பிடித்திருக்கும் வலது கையை எடுத்து போல்டை இழுக்க வேண்டும். இரண்டிலும் துப்பாக்கி ஆடும், குறி கலையும். வெறும் இரும்புக் குறிமுனை இருந்த காலத்தில் மேலாகக் கை நீட்டுவது ஓரளவு சாத்தியம். மேலே டெலஸ்கோப் பொருத்தியதும் அதுவும் கஷ்டமாகிப்போனது.

பாதுகாப்புப் பிரச்சினையும் உண்டு. காலிக்கூடு வெளியேறும் வாய் வலப்பக்கம் இருக்கிறது. இடது தோளில் வைத்துச் சுடுபவரின் முகமும் அதே பக்கம்தான் இருக்கும். பழுதான தோட்டா உள்ளே வெடித்துப் பிளந்தால், சூடான வாயு அவர் முகத்தை நோக்கி வரும் வாய்ப்பு அதிகம்.

ஏன் இவ்வளவு தாமதம்?

இன்றைய போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிள்களில் பலவற்றுக்குத் தாய் வடிவம், ஜெர்மன் ராணுவத்துக்காக பால் மௌசர் உருவாக்கிய 1898 மாடல். அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டும், பிரிட்டனின் லீ என்ஃபீல்டும் ராணுவத் துப்பாக்கிகள்தான். லட்சக்கணக்கில் ஒரே அச்சில் வார்க்கும் ராணுவத்துக்குத் தனி இடக்கைப் பதிப்பு தேவைப்படவில்லை. இடக்கை வீரர்களும் வலக்கைத் துப்பாக்கியோடு பழகிக்கொண்டார்கள்.

உலகப் போர்கள் முடிந்ததும் ராணுவத்தின் உபரித் துப்பாக்கிகள் சந்தைக்கு மலிவாக வந்தன. அவற்றை அறுத்து, தேய்த்து, வேட்டைக்கு ஏற்றபடி மாற்றினார்கள். 1936ல் வந்த புகழ்பெற்ற வின்செஸ்டர் மாடல் 70 போன்ற வேட்டை ரைஃபிள்களும் வலக்கைக்கே தயாராயின.

மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் இடக்கைக்காரர். இடக்கை ரைஃபிள் என்றால் உலோக உடல், போல்ட், மரக்கட்டை எல்லாமே கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாக வேண்டும். அதற்குத் தனி அச்சு, தனி இயந்திர ஏற்பாடு. செலவு முழுசு, வாங்குபவரோ பத்தில் ஒருவர். நிறுவனங்கள் கணக்குப் போட்டன, ஒதுங்கிக்கொண்டன.

அதனால் பல இடக்கை வேட்டைக்காரர்கள் வின்செஸ்டர் 94 மாதிரியான லீவர் ரைஃபிள்கள் பக்கம் போனார்கள். விசைக்குக் கீழே இருக்கும் லீவரை எந்தக் கையாலும் இயக்கலாம், காலிக்கூடும் மேல்பக்கமாக வெளியேறும். வசதி உள்ளவர்கள் கன்ஸ்மித் எனப்படும் துப்பாக்கிக் கைவினைஞரிடம் கொடுத்து, கைப்பிடியை இடப்பக்கம் மாற்றிக்கொண்டார்கள்.

எப்போது மாறியது?

1950களில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் மாத்யூ என்ற சிறு நிறுவனம், இடக்கைக்கான போல்ட் அமைப்புகளைத் தயாரித்தது. அவற்றைக் கொண்டு செய்த ரைஃபிள்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. இன்று ஒன்று ஏலத்துக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பெரிய திருப்பம் சாவேஜ் நிறுவனத்தால் வந்தது. நிக்கோலஸ் புரூவர் வடிவமைத்த சாவேஜ் 110, 1958ல் வெளியானது. குழலை ஒரு பெரிய நட்டு போட்டு இறுக்கும் எளிய அமைப்பு, அதனால் தயாரிப்புச் செலவு குறைவு. அடுத்த ஆண்டே, 1959ல், அதன் இடக்கைப் பதிப்பு வந்தது. சாதாரண வேட்டைக்காரருக்கு எட்டும் விலையில், கடையில் போய் வாங்கக்கூடிய இடக்கை ரைஃபிள். மௌசர் 1898ல் இருந்து கணக்கிட்டால் 61 ஆண்டுகள்!

பளபளக்கும் மரக்கட்டைக்குப் பேர்போன வெதர்பி மார்க் 5 மாடலிலும் இடக்கைப் பதிப்பு வந்தது. அது கொஞ்சம் பணக்காரத் துப்பாக்கி. ரெமிங்டன் நிறுவனத்தின் மாடல் 700, 1962ல் அறிமுகமானாலும், அதன் இடக்கைப் பதிப்புக்கு 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே நிறுவனத்தின் மலிவு விலை ரைஃபிளான 788, 1967 முதல் 1983 வரை தயாரானது. அதில் இடக்கைக்கு இரண்டே தோட்டா அளவுகள்தான்: 6 மி.மீ. ரெமிங்டன், .308 வின்செஸ்டர். 'மலிவுத் துப்பாக்கி' என்று அன்று விற்ற அந்த 788ன் இடக்கைப் பதிப்பை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

50 வயது ஆனால் என்ன சலுகை?

அமெரிக்கச் சட்டப்படி, தயாராகி 50 ஆண்டு முடிந்த துப்பாக்கி, அசல் வடிவத்திலேயே இருந்தால் 'அரும்பொருள்' வகைக்குள் வரும். இந்த வகையைச் சேகரிப்பவர்களுக்கென்றே தனி உரிமம் உண்டு. 3 ஆண்டுக்குக் கட்டணம் 30 டாலர். சாதாரணமாக வேறு மாநிலத்தில் இருந்து துப்பாக்கி வாங்கினால், உள்ளூரில் உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் கைக்கு வரும். சேகரிப்பாளர் உரிமம் இருந்தால் அரும்பொருள் வகைத் துப்பாக்கியை நேரடியாக வாங்கலாம். வாங்குவதையும் விற்பதையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். வியாபாரம் செய்யக் கூடாது. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் கூடுதல் கட்டுப்பாடுகளும் உண்டு.

இந்த 50 ஆண்டுக் கணக்கு தானாக நகர்ந்துகொண்டே இருக்கும். 1973ல் தயாரான முதல் இடக்கை ரெமிங்டன் 700கள் 2023ல் இந்த எல்லையைத் தாண்டின. 1970களின் இடக்கை ரைஃபிள்கள் ஒவ்வொன்றாக இப்போதுதான் உள்ளே வருகின்றன.

பிறவி இடக்கையா, மாற்றியதா?

சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது இதைத்தான். தொழிற்சாலையிலேயே இடக்கையாகப் பிறந்த ரைஃபிளில் கைப்பிடி, காலிக்கூடு வெளியேறும் வாய் இரண்டும் இடப்பக்கம் இருக்கும். கன்னம் பதிக்கும் மேடு மரக்கட்டையின் வலப்பக்கம் இருக்கும். கைப்பிடி இடப்பக்கம் வந்தும், காலிக்கூட்டு வாய் வலப்பக்கமே இருந்தால், அது பின்னாளில் மாற்றியது. வலப்பக்கக் கைப்பிடிக்கான பள்ளத்தில் மரத்துண்டு வைத்து அடைத்திருக்கிறார்களா என்றும் பார்ப்பார்கள்.

1964க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70 மீது சேகரிப்பாளர்களுக்குத் தனி மோகம். அந்தக் காலத்தில் தொழிற்சாலை அதன் இடக்கைப் பதிப்பைச் செய்யவே இல்லை. "1964க்கு முந்தைய அசல் இடக்கை மாடல் 70" என்று யாராவது விலை சொன்னால், பர்ஸை மூடிவிடலாம்.

வயதைக் கண்டுபிடிக்கவும் வழிகள் உண்டு. ரெமிங்டன் குழலில் மாதத்தையும் ஆண்டையும் எழுத்துக் குறியீடாகப் பொறித்தது. 12 மாதங்களுக்கான 12 எழுத்துகளை வரிசையாகப் படித்தால் 'பிளாக்பவுடர் எக்ஸ்' என்று வரும். பழைய கரும்பொடி மருந்தின் பெயர்! வெதர்பி என்றால் எந்த நாட்டில் செய்தது என்று பார்ப்பார்கள். தொடக்க கால மார்க் 5கள் மேற்கு ஜெர்மனியில் தயாராயின, 1970களில் தயாரிப்பு ஜப்பானுக்குப் போனது. ஜெர்மன் முத்திரைக்கு மவுசு அதிகம்.

புதுசு போல இருக்கும் இடக்கை ரைஃபிள் கிடைப்பது அபூர்வம். வலக்கைக்காரரிடம் நாலு துப்பாக்கி இருந்தால் ஒன்று பெட்டியிலேயே தூங்கும். இடக்கைக்காரரிடம் இருந்ததே ஒன்று, ஒவ்வொரு சீசனுக்கும் அதுதான் காட்டுக்குப் போனது. கீறல், தேய்மானம் எல்லாம் அப்படி வந்தவை. அதைப் பாலிஷ் போட்டுப் புதுப்பித்தால் மதிப்பு கூடாது, குறையும்.

அசலா, பாதுகாப்பா?

இந்தப் பொழுதுபோக்கின் மிகச் சிக்கலான கேள்வி ரெமிங்டன் 700ல் இருக்கிறது. அந்தக் காலத்து 700களில் இருந்தது 'வாக்கர்' எனப்படும் ட்ரிக்கர் அமைப்பு. விசையைத் தொடாமலேயே துப்பாக்கி சுட்டுவிட்டது என்று பல வழக்குகள் வந்தன. நிறுவனம் குறைபாட்டை மறுத்தது. ஆனாலும், 2014ல் எட்டிய சமரச ஒப்பந்தத்தின் கீழ், லட்சக்கணக்கான ரைஃபிள்களின் ட்ரிக்கரை மாற்றித்தர ஒப்புக்கொண்டது. அந்த நிறுவனம் 2020ல் திவாலாகி, பகுதி பகுதியாக விற்கப்பட்டது.

இன்னொரு விஷயமும் உண்டு. 1982க்கு முந்தைய 700களில் சேஃப்டி போட்டிருந்தால் போல்டும் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் தோட்டாவை எடுக்க வேண்டும் என்றால், முதலில் சேஃப்டியை விடுவிக்க வேண்டும். ஆபத்து வரக்கூடிய நொடி அதுதான். சேகரிப்பாளர்கள் ஆசையாகத் தேடும் 1973ன் இடக்கை 700 இந்த இரண்டு வளையத்துக்குள்ளும் வருகிறது.

சுவரில் மாட்டி வைப்பதற்கு மட்டும் என்றால் அசல் ட்ரிக்கர் இருக்கட்டும். சுடப்போகிறார் என்றால், கன்ஸ்மித்திடம் கொடுத்துப் புது ட்ரிக்கர் போட்டு, பழையதைப் பெயர் எழுதிய உறையில் பத்திரப்படுத்துவதே விவரமான வழி. பின்னாளில் விற்கும்போது இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். 50 வயதுத் துப்பாக்கி எதுவானாலும், முதல் தோட்டா போடும் முன் குழலையும் போல்ட் பூட்டையும் சோதிக்க வேண்டும். தோட்டா கிடைக்குமா என்றும் பார்க்க வேண்டும். .308 எங்கும் கிடைக்கும், 6 மி.மீ. ரெமிங்டனுக்கு அலைய வேண்டும்.

இந்தியாவில்?

இங்கே நிலைமை வேறு. 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. 2019ன் ஆயுதச் சட்டத் திருத்தம், பொதுவாக ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அமெரிக்கர்களைப் போல் அலமாரி நிறையச் சேர்க்கும் பேச்சுக்கே இடமில்லை.

அமெரிக்காவில் இன்று பல முன்னணி நிறுவனங்கள் இடக்கைப் பதிப்பை வழக்கமாகவே விற்கின்றன. சுடுவதற்கு ஒன்று வேண்டும் என்பவர் புதுசே வாங்கிக்கொள்ளலாம். இருந்தும் 1959ன் சாவேஜைத் தேடி இடக்கைக்காரர்கள் அலைகிறார்கள். மேலே டெலஸ்கோப் பொருத்திய துப்பாக்கியைத் தாண்டிக் கை நீட்டிப் பழகிய அவர்களின் அப்பாக்களுக்கு, கடையில் கிடைத்த முதல் சரியான துப்பாக்கி அது.