துறைத்தலைவர் பதவி தேடி வந்தால் ‘ஓகே’ சொல்லிடலாமா? கம்ப்யூட்டர் ஆராய்ச்சியில் இருக்கும் பெண்கள் முதலில் கேட்க வேண்டிய 4 கேள்விகள்!

“அடுத்த துறைத்தலைவரா நீங்களே இருங்க மேடம்!”

கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆராய்ச்சியில் பல வருஷம் உழைத்த ஒரு பேராசிரியைக்கு இப்படி ஒரு அழைப்பு வந்தால், சுற்றியிருப்பவர்கள் வாழ்த்து சொல்வார்கள். ஆனால் அவர் மனசுல ஓடுற கேள்வியே வேற. ‘இதை ஏத்துக்கிட்டா என் ஆராய்ச்சி என்ன ஆகும்?’

நியாயமான பயம்தான். வேகமாக மாறும் துறையில் இரண்டு வருஷம் விட்டுப் பிடிப்பது சுலபமில்லை. அதே நேரம், எல்லா பெண்களும் ஒதுங்கிக்கொண்டால், யாரை வேலைக்கு எடுப்பது, யாருக்கு நிதி தருவது என்ற முடிவுகள் அவர்கள் இல்லாமலேயே எடுக்கப்படும். அப்போ, எந்தப் பொறுப்பை ஏற்பது, எதைத் தவிர்ப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

இடைவெளி எவ்வளவு பெரியது?

கம்ப்யூட்டர் துறையின் நோபல் பரிசு என்று சொல்லப்படுவது டூரிங் விருது. 1966-ல் இருந்து வழங்கப்படுகிறது. முதல் முறையாக ஒரு பெண்ணுக்கு கிடைத்தது 2006-ம் ஆண்டுக்கான விருதில்தான். அவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரான்சஸ் ஆலன். அதன்பிறகு 2008-ல் பார்பரா லிஸ்கோவ், 2012-ல் ஷாஃபி கோல்ட்வாஸர். 2024 வரையிலான பட்டியலில் பெண்கள் இந்த மூன்று பேர் மட்டுமே!

ஒரு பதவியால் என்ன மாறும்?

கணித அடிப்படையில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்தவர் மரியா க்ளாவே. கனடாவில் துறைத்தலைவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் டீன் என்று படிப்படியாக வந்தவர். 2006-ல் கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரிக்கு முதல் பெண் தலைவரானார். அப்போது அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸை முதன்மைப் பாடமாக எடுத்தவர்களில் பெண்கள் சுமார் 10 சதவீதம்தான். அடுத்த சில ஆண்டுகளிலேயே அது சுமார் 40 சதவீதமானது.

எப்படி? ஏற்கெனவே கோடிங் தெரிந்தவர்களுக்குத் தனி வகுப்பு, புதிதாகக் கற்பவர்களுக்குத் தனி வகுப்பு. முதலாம் ஆண்டு மாணவிகளை, கம்ப்யூட்டர் துறைப் பெண்கள் கூடும் ‘கிரேஸ் ஹாப்பர்’ மாநாட்டுக்கு அழைத்துப் போனார்கள். முதலாம் ஆண்டு முடிந்ததுமே ஆராய்ச்சி செய்யவும் வாய்ப்பு தந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், பாடத்தை மாற்றி அமைத்தது அங்கிருந்த பேராசிரியர்கள். தலைவர் அவர்களுக்குத் துணையாக நின்றார்.

எல்லா பொறுப்பும் பதவி இல்ல!

அமெரிக்கப் பொருளாதார நிபுணர் லிண்டா பேப்காக் குழுவினர் 2017-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். யாராவது செய்தே ஆக வேண்டும், ஆனால் செய்பவருக்கு பலன் குறைவு. அப்படிப்பட்ட வேலைக்கு ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில் அதிகம் முன்வந்தது பெண்கள். கேட்கப்படுவதும் அவர்களைத்தான். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களிலோ, ஆண்களே அந்த வேலையைச் செய்துவிட்டார்கள்!

விழா கமிட்டி, அறிக்கை கமிட்டி எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்தான். பெயர் இருக்கும், அதிகாரம் இருக்காது.

‘சரி’ சொல்வதற்கு முன்...

1. பணமும் நியமனமும் யார் கையில்? பட்ஜெட்டிலும் ஆள் எடுப்பதிலும் உங்கள் பேச்சு செல்லுமா என்று கேளுங்கள்.

2. ஆராய்ச்சிக்கு என்ன ஏற்பாடு? பாட வகுப்புகளைக் குறைப்பார்களா, லேபைக் கவனிக்க ஆள் தருவார்களா? வாய்வார்த்தை போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

3. எத்தனை வருஷம்? முடிவு தேதி தெரிந்தால்தான் ஆராய்ச்சிக்குத் திரும்பத் திட்டமிட முடியும்.

4. ஏன் இப்போது? நெருக்கடியில் தடுமாறும் நிறுவனங்களில்தான் பெண்களுக்குத் தலைமை வாய்ப்பு அதிகம் வருகிறது என்று 2005-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். இதற்கு ‘கண்ணாடி மலைமுகடு’ என்று பெயர். முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று விசாரித்துவிடுங்கள்.

ஆராய்ச்சி முடிஞ்சுதானா?

அப்படி இல்லை. ஜெனெட் விங் ‘கணினிச் சிந்தனை’ பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை 2006-ல் வெளியிட்டபோது, அவர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் துறைத்தலைவர். அடுத்த ஆண்டே, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்கு நிதி தரும் பிரிவின் தலைமைக்குப் போனார். அவர் எழுதிய யோசனை, பள்ளிப் பாடத்திட்டங்கள் வரை சென்றது.

தனியா சமாளிக்க வேண்டாம்

‘இதுக்கெல்லாம் எனக்குத் தகுதி இருக்கா’ என்ற சந்தேகம் தனக்கும் இருந்ததாக மரியா க்ளாவேயே பல மேடைகளில் பேசியிருக்கிறார். அதனால் சந்தேகம் வருவதை வைத்து மட்டும் மறுக்க வேண்டாம். அதே பதவியில் வேறு இடத்தில் இருக்கும் இரண்டு பேரிடமாவது பேசிப் பாருங்கள். அமெரிக்காவில் 1991-ல் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிச் சங்கத்தில் பெண்களுக்கான குழு தொடங்கப்பட்டது.

நான்கு கேள்விக்கும் திருப்தியான பதில் வந்தால், தயங்காமல் ஏற்கலாம். வரவில்லையா? “இந்த வசதிகள் கிடைத்தால் வருகிறேன்” என்று சொல்வதும் ஒரு பதில்தான். பேரம் பேச சரியான நேரம், ‘சரி’ சொல்வதற்கு முன்புதான்!