அரை அங்குலத் துளைகள்

துளையிட்ட உலோகப் பட்டைகள், சின்னஞ்சிறு போல்ட்டு, நட்டு, பல்சக்கரங்கள். இவற்றை முடுக்கி கிரேனும் பாலமும் கட்டும் மெக்கானோ பெட்டிக்கு, லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901-இல் காப்புரிமை பெற்றார். தம் பிள்ளைகளுக்காகத் தகட்டை வெட்டிச் செய்து பார்த்ததுதான் தொடக்கம்.

துளைக்குத் துளை இடைவெளி அரை அங்குலம். அந்த அளவு நிலைத்துவிட்டதால் தாத்தா காலத்துப் பட்டையோடு பேரனின் பட்டையும் பொருந்தும். இதில் ஊறியவர்கள் பெட்டியோடு வரும் படத்தோடு நிற்பதில்லை. பட்டையை அறுத்து, வளைத்து, வேறு வண்ணம் பூசி, மோட்டார் மாட்டி, கியர் போட்டு ஓடும் லாரி, மணி காட்டும் கடிகாரம் வரை போகிறார்கள். பழைய பட்டையில் ரம்பம் வைப்பதே பாவம் என்பாரும் உண்டு!

பிள்ளை விளையாட்டுதானே என்கிறீர்களா? 1934-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ, தம் மாணவர் ஆர்தர் போர்ட்டரோடு சேர்ந்து, பெரும்பாலும் மெக்கானோ துண்டுகளாலேயே ஒரு கணக்குப் பொறியைக் கட்டினார். வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குத் தீர்வு காணும் பொறி அது. செலவு சுமார் 20 பவுண்டு. அணுவுக்குள் எலக்ட்ரான்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று கணக்கிட, அந்த விளையாட்டுச் சாமான் நிஜமாகவே உதவியது.