மஞ்சள் மாத்திரை கேன்சரை விரட்டுமா? ஆய்வகத் தட்டில் இருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரை எத்தனை படி!

நாமகிரிப்பேட்டை:

நாமகிரிப்பேட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு கிருஷ்ணனின் நாதஸ்வரம் ஞாபகத்துக்கு வரும். உள்ளூர்க்காரர்களுக்கு மஞ்சள்தான். விரலி, உருண்டை, பனங்காலி என்று ரகம் பிரித்து ஏலத்துக்கு வரும் மஞ்சளை நம்பித்தான் இந்தப் பகுதியில் எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு ஓடுகிறது. வெட்டுகிறவர், வேக வைக்கிறவர், பாலீஷ் போடுகிறவர், மூட்டை தூக்குகிறவர் என்று எல்லோர் கையிலும் மஞ்சள் கறை உண்டு.

அதே மஞ்சள் இப்போது டப்பாவில் அடைத்த மாத்திரையாக ஊருக்குத் திரும்பி வருகிறது. கூடவே செல்போனில் தகவலும் வருகிறது. "கேன்சர் செல்லைக் கொல்லும்", "மூட்டு வலி பறந்து போகும்", "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்ப, பத்து பேர் அதை அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

மஞ்சளை வைத்து ஆராய்ச்சி நடந்தது உண்மைதான். ஆனால் அது எந்தப் படியில் நடந்த ஆராய்ச்சி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அது புரியாமல் ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டு மஞ்சள் மாத்திரைக்குத் தாவினால் உயிருக்கே உலை.

கால் கிலோ மஞ்சளில் இருப்பது எவ்வளவு?

மஞ்சளுக்கு அந்த நிறத்தைக் கொடுக்கும் சத்தின் பெயர் குர்குமின். ஐரோப்பாவில் 1815-ம் ஆண்டிலேயே இதைத் தனியாகப் பிரித்து எடுத்தார்கள். 1949-ல் கிருமிகளை இது தடுக்கிறது என்று ஆய்வுக் கட்டுரையும் வந்தது. அன்று முதல் இன்று வரை குர்குமின் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்துவிட்டன.

ஆனால் மஞ்சள் தூள் முழுக்க குர்குமின் என்று நினைத்துவிடக் கூடாது. 100 கிராம் மஞ்சளில் சுமார் 3 கிராம்தான் குர்குமின். ரகத்தைப் பொறுத்து கொஞ்சம் கூடும், குறையும். குழம்புக்குப் போடும் ஒரு டீஸ்பூன் மஞ்சள் தூள் சுமார் 3 கிராம் இருக்கும். கணக்குப் போட்டால் அதில் 0.1 கிராம் குர்குமின்தான் தேறும்.

அடுத்த சிக்கல், சாப்பிட்டது ரத்தத்தில் சேர வேண்டும். குர்குமின் வயிற்றுக்குள் போனாலும் ரத்தத்தில் கொஞ்சம்கூடச் சரியாகச் சேருவதில்லை. பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும். சேருகிற கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றிக் கழித்துவிடுகிறது.

இதற்கு ஒரு வழி கண்டது பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி. 1998-ல் அங்கே நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரச் சத்தான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு கூடியது. நம் கொல்லிமலை மிளகில் இருப்பதும் அதே பைப்பரின்தான். இன்று கடையில் விற்கும் பல மஞ்சள் மாத்திரைகளில் மிளகுச் சத்தைச் சேர்ப்பது இதனால்தான். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

தட்டில் செத்தால் போதுமா?

ஆய்வகத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டு. அதில் கேன்சர் செல்லை வளர்ப்பார்கள். மேலே குர்குமினை ஊற்றுவார்கள். செல் செத்துவிடும். "மஞ்சள் கேன்சரைக் கொல்லும்" என்ற செய்தி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அந்தத் தட்டில் பினாயிலை ஊற்றினாலும் செல் சாகத்தான் செய்யும். அதற்காக பினாயிலைக் குடிக்க முடியுமா? நோயை மட்டும் கொன்று ஆளைக் காப்பாற்றினால்தான் அது மருந்து.

அதனால்தான் படிப்படியாகப் போகிறார்கள். முதலில் தட்டு. அடுத்து எலி போன்ற விலங்குகள். அதன் பிறகுதான் மனிதர்கள். மனிதர்களிலும் முதல் கட்டத்தில் சில பத்துப் பேரிடம் கொடுத்து, எவ்வளவு அளவு வரை உடம்பு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் நோயாளிகளிடம் கொடுத்து, பலன் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் நோயாளிகளைச் சேர்த்து, பழைய மருந்தோடு ஒப்பிடுவார்கள். கடைக்கு வந்த பிறகும் கண்காணிப்பு உண்டு. அது நான்காம் கட்டம். ஒவ்வொரு படியிலும் பல மருந்துகள் கழன்று விழும். எலிக்குக் கேட்ட மருந்து மனிதனுக்குக் கேட்காமல் போவது சகஜம்.

குர்குமினுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மஞ்சள் பட்ட வேட்டி என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆய்வகத்திலும் அதே கதைதான். குர்குமின் நிறம் கொண்டது, ஒளிரும் தன்மை உடையது, கண்டதிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் வேலை செய்யாத இடத்திலும் வேலை செய்தது போல சோதனைக் கருவியை ஏமாற்றிவிடுகிறது. அமெரிக்க விஞ்ஞானிகள் 2017-ல் வெளியிட்ட ஒரு பெரிய அலசல் கட்டுரை இதைப் போட்டு உடைத்தது. அதுவரை மனிதர்களிடம் 120-க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்திருந்தும், போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, யாருக்கு எது என்று தெரியாமல் முறையாக நடத்திய ஒன்றுகூட குர்குமினுக்கு வெற்றி தரவில்லை என்று அந்தக் கட்டுரை சொன்னது.

மனிதர்களிடம் நடந்தது என்ன?

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் கேன்சர் மையத்தில் நடந்த சோதனையின் முடிவு 2008-ல் வெளிவந்தது. கணையக் கேன்சர் வந்த 25 பேருக்கு தினமும் 8 கிராம் குர்குமின் கொடுத்தார்கள். மஞ்சள் தூளாகக் கணக்குப் போட்டால் கால் கிலோவுக்கும் மேல். ஒரே நாளில்! பலனைக் கணக்கிட முடிந்த 21 பேரில் இரண்டே பேரிடம்தான் பலன் தெரிந்தது. ஒருவருக்கு நோய் 18 மாதத்துக்கு மேல் கூடாமல் நின்றது. இன்னொருவருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. ஆனால் அது கொஞ்ச காலம்தான்.

இது நல்ல சேதியா, கெட்ட சேதியா? மேலும் ஆராயத் தகுந்த சேதி. அவ்வளவுதான். "கேன்சர் குணமாகும்" என்று சொல்ல இது போதாது.

மூட்டு வலியில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் நடந்த சோதனை 2014-ல் வெளியானது. 4 வாரம் மஞ்சள் சத்து சாப்பிட்டவர்களுக்கும் இப்யூப்ரோஃபென் வலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வலி ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. வயிற்று உபத்திரவம் மஞ்சள் சாப்பிட்டவர்களுக்குக் குறைவு. ஆனால் 4 வாரம்தான் பார்த்தார்கள். போலி மாத்திரை கொடுத்த கோஷ்டி அதில் இல்லை.

அதே தாய்லாந்தில், காரணம் தெரியாத வயிற்று மந்தம், எரிச்சல் உள்ள 206 பேரிடம் நடந்த சோதனை 2023-ல் வந்தது. குர்குமின், ஒமிப்ரசோல் மாத்திரை இரண்டும் ஏறத்தாழ சமமாகவே பலன் கொடுத்தன. 151 பேர்தான் கடைசி வரை இருந்தார்கள்.

வலி, வயிற்று மந்தம் போன்றவற்றில் மஞ்சளுக்கு நம்பிக்கை இருக்கிறது. கேன்சரில் அது இன்னும் கீழ்ப் படியில்தான் நிற்கிறது.

நம்ம சென்னை காட்டிய வழி

"எங்க ஊர்ல ஒருத்தர் சாப்பிட்டார், குணமாச்சு" என்பார்கள். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் மூட்டு வலி தானாக வரும், தானாகக் குறையும். அவர் கூடவே ஆஸ்பத்திரி மருந்தும் சாப்பிட்டிருக்கலாம். குணமாகாதவர் யாரும் ஊரைக் கூட்டிச் சொல்வதில்லை.

இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சீட்டுக் குலுக்கித்தான்! நோயாளிகளை இரண்டு கோஷ்டியாகக் குலுக்கல் முறையில் பிரிப்பார்கள். டாக்டர் தன் இஷ்டத்துக்குப் பிரித்தால், தேறக்கூடிய நோயாளியைப் புது மருந்துப் பக்கம் தள்ளிவிடலாம். குலுக்கலில் அந்த வேலை நடக்காது.

இந்த முறையில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த சோதனை நம் சென்னையில் நடந்தது. 1956-ல் சென்னையில் காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் டி.பி. என்றால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வேண்டும். கூலி வேலை செய்கிறவர் ஒரு வருஷம் படுத்தால் குடும்பம் என்ன ஆவது? அதுவும் எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்காது.

193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்கு சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, மருந்து. இன்னொரு கோஷ்டிக்கு நெருக்கடியான வீட்டிலேயே அதே மருந்து. ஒரு வருஷம் கழித்து 1959-ல் முடிவு வெளியானது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குணம்! வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க டி.பி. நோயாளிகள் வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட வழி பிறந்தது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

நல்ல ஆராய்ச்சி என்றால் ஏழைக்கு இப்படித்தான் உதவும். மஞ்சளுக்கும் இப்படி ஒரு முடிவு வந்தால் முதலில் சந்தோஷப்படுவது நாமகிரிப்பேட்டைதான்.

காப்புரிமையில் ஜெயித்தோமே?

"அமெரிக்காக்காரனே மஞ்சளுக்கு பேட்டன்ட் வாங்கினான், நாம் ஜெயித்தோம், அப்புறம் என்ன சந்தேகம்?" என்று கேட்பவர்கள் உண்டு. மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு 1995-ல் மிசிசிபி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது உண்மை. நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து மனு போட்டு, 1997-ல் அது ரத்தானதும் உண்மை.

ஆனால் அங்கே ஜெயித்தது எந்த வாதம்? "இது புதுசு இல்லை, எங்கள் பாட்டி காலத்தில் இருந்தே தெரியும்" என்பதுதான். பழைய நூல்களையும் பழைய மருத்துவ இதழையும் காட்டி ஜெயித்தார்கள். மஞ்சள் எந்த நோயைக் குணமாக்கும் என்று அங்கே யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

மாத்திரையில் உஷார்!

குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டியது இல்லை. மாத்திரைதான் வேறு சங்கதி. அளவு பல மடங்கு அதிகம், மிளகுச் சத்து சேர்ந்தால் ரத்தத்தில் ஏறுவதும் அதிகம்.

மருந்துகளால் கல்லீரல் கெட்டவர்களைக் கண்காணிக்கும் அமெரிக்க டாக்டர்கள் குழு, 2011 முதல் 2022 வரை மஞ்சள் மாத்திரையால் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பதிவு செய்தது. 5 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார். 7 பேருக்கு ஒரே வகை மரபணு இருந்தது. யாருக்கு அந்த மரபணு இருக்கிறது என்று நம் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, கண் மஞ்சளானாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மஞ்சள் மாத்திரையைத் தொடவே கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து, சிகிச்சையை நிறுத்துவது. உடம்பில் வேறு இடத்துக்குப் பரவாத கேன்சர் உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஆஸ்பத்திரி சிகிச்சையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 பேருக்கு, சிகிச்சை எடுத்தவர்களைவிட சாவு அபாயம் 2.5 மடங்கு இருந்தது. மார்பகக் கேன்சரில் அது 5 மடங்கையும் தாண்டியது. குணமாகக் கூடிய கட்டத்தில் இருந்தவர்கள் அவர்கள் என்பதுதான் வேதனை.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கேன்சர் சிகிச்சையும் உண்டு. காசு இல்லையே என்று மஞ்சள் டப்பாவைத் தேடும் முன் அரசு ஆஸ்பத்திரியில் விசாரிப்பது நல்லது.

கையெழுத்து கேட்டால்?

ஆஸ்பத்திரியில் "புது மருந்து சோதனையில் சேருகிறீர்களா?" என்று கேட்டால் பயந்து ஓடவும் வேண்டாம், படிக்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம். 2019-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் நம் பக்கம் பாதுகாப்பு வைத்திருக்கின்றன.

* என்ன மருந்து, என்ன ஆபத்து என்று உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், சோதனைக்குச் சம்பந்தம் இல்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும்.

* எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

* சோதனையால் உடம்புக்குப் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும். சோதனையால்தான் பாதிப்பு என்று உறுதியானால் நஷ்டஈடும் உண்டு. உயிர் போனால் குடும்பத்துக்குக் கிடைக்கும்.

* நெறிமுறைக் குழு அனுமதி இருக்க வேண்டும். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டிலும் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

அடுத்த முறை "ஆராய்ச்சியில் நிரூபணம்" என்று செல்போனில் தகவல் வந்தால் நாலே கேள்வி கேளுங்கள். தட்டிலா, எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரிடம்? எதோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை நாள் பார்த்தார்கள்? பதில் இல்லை என்றால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். சாப்பிடுகிற மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.