பகலில் தெரியும் கேமரா இரவில் அணைவது ஏன்? மலை வீட்டுக்கு கேபிள் வாங்கும் முன் ஒரு கணக்கு

மூணாறு பக்கம் மாட்டுப்பட்டியில் உங்கள் குடும்பத்துக்கு ஒரு ஹோம்ஸ்டே இருக்கிறது, நீங்களோ பெங்களூருவில் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து கேட் 150 மீட்டர் இறக்கத்தில். அங்கே ஒரு கேமரா மாட்டியாச்சு. பகலில் போனில் படம் பளிச்சென்று வருகிறது. இருட்டினால் 'நோ வீடியோ'. காட்டு யானை வருவதும், வேண்டாத ஆள் வருவதும் அந்த நேரத்தில்தான்!

பதிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இடுக்கி மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. 2023 ஜூலையில் செருதோணி அணைக்கு சுற்றுலாப் பயணியாக வந்த ஒருவர், விளக்குக் கோபுரங்களின் அடியில் பூட்டுப் போட்டுவிட்டுப் போனார். விஷயம் தெரியவந்தது செப்டம்பரில். ஆளைக் காட்டிக்கொடுத்தது கேமராப் பதிவு.

சரி, இரவில் ஏன் அணைகிறது?

பெரும்பாலும் குற்றவாளி கேமரா இல்லை, அதற்குப் போகும் 12 வோல்ட் மின்சாரம். 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 150 மீட்டர் போய்த் திரும்பினால் மொத்தத் தடை சுமார் 10 ஓம். பகலில் கேமரா 0.2 ஆம்பியர் இழுத்தால் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும்; மீதி 10 வோல்ட்டில் எப்படியோ ஓடிவிடும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் 0.5 ஆம்பியர். இழப்பு 5 வோல்ட். மிஞ்சும் 7 வோல்ட்டில் கேமரா என்ன செய்யும், பாவம்?

கடையில் '3+1' என்று கொடுக்கும் கேபிளில் கம்பி இதைவிட மெலிசாகவும் இருக்கலாம். செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இருந்தால் இன்னும் மோசம். அதன் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். பெட்டியைத் தூக்கினாலே எடை குறைவது தெரியும்.

அப்போ கேட்-6 போட்டு பிஓஇ கேமரா வைத்தால்? நல்ல யோசனைதான். சுமார் 48 வோல்ட்டில் மின்சாரம் போவதால் இழப்பு குறைவு. ஆனால் ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர்தான் எல்லை. 150 மீட்டருக்கு நடுவில் ஒரு எக்ஸ்டெண்டர் வேண்டும், அதற்குத் தண்ணீர் புகாத பெட்டியும் வேண்டும். மாட்டுப்பட்டி மழையில் அந்தப் பெட்டியை நான் அவ்வளவாக நம்ப மாட்டேன்.

இடியும் ஒரு காரணம்

கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் துலாமாத மழையிலும் இடிமின்னல் அதிகம். பக்கத்தில் மின்னல் விழுந்தால்கூட நீளமான செம்புக் கம்பி அதிர்ச்சியை வீட்டுக்குள் இருக்கும் ரெக்கார்டர் வரை கொண்டுவந்துவிடும். உலோக உறை இல்லாத ஃபைபர் வழியாக அது வராது. சிங்கிள் மோட் ஃபைபர் கிலோமீட்டர் கணக்கில் போகும். இரண்டு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் போதும். முனை ஒட்ட உள்ளூர் பிராட்பேண்ட் ஆட்களையே கூப்பிடலாம்.

ஃபைபரில் மின்சாரம் போகாது என்பதுதான் சிக்கல். கேட்டில் தெருவிளக்குக்கு 230 வோல்ட் இணைப்பு இருந்தால் அங்கேயே அடாப்டர் வைக்கலாம். இல்லையென்றால் சின்ன சோலார் பேனலும் பேட்டரியும். மூடுபனி நாட்களை நினைத்து பேட்டரியைக் கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள். ஃபைபரும் 4 கோராக இழுத்துவிடுங்கள். விலை வித்தியாசம் சொற்பம், பள்ளம் தோண்டும் கூலிதான் கையைக் கடிக்கும்.